கல்லீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: தொடங்குமுன் வீட்டார் செய்ய வேண்டியவை

கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் முதலில் தேடுவது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயத்தைத்தான். அக்கறையோடு செய்வதுதான் என்றாலும், இந்த நோயில் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகக் கூட்டுவதால் பயன் இல்லை.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடல் வழியாக வரும் நாளத்திலிருந்தே கிடைப்பதால், உணவின் கூறுகளையும் கிருமித் துணுக்குகளையும் கண்டு ஓயாமல் சீறாதபடி, அங்குள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் இயல்பிலேயே பொறுமை காக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளோ மதுவோ கொழுப்போ ஆண்டுக்கணக்கில் அழற்சியை மூட்டும்போது, அணுக்கள் அழிந்து மீண்டும் மீண்டும் முளைப்பதில் மரபணுப் பிழைகள் சேர்ந்து, சிலருக்குப் புற்று உருவாகிறது. உருவான புற்று அந்தப் பொறுமையையே தனக்குக் கவசமாக்கிக்கொண்டு, தன்னைக் கொல்ல வரும் டி அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களில் உள்ள தடைப் புள்ளிகளை, அதாவது அவற்றை அடக்கும் பொத்தான்களை, அழுத்திச் செயலிழக்கச் செய்கிறது. இந்தத் தடையை நீக்கி, அணுக்களை மீண்டும் புற்றைத் தாக்க விடுவதே இங்கு நாம் பேசும் இம்யூனோதெரபி. அதற்கு வழியைக் காட்டியதற்காகவே ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத நிலையில் தடையை நீக்கும் அட்டிசோலிசுமாப், கட்டிக்குப் புதிய இரத்த நாளங்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஆகிய இரு மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது இன்று முதன்மையான முறைகளில் ஒன்று. 2020இல் வெளியான பெரிய ஆய்வில், இது அதுவரை தரப்பட்டுவந்த சொராஃபெனிப் மாத்திரையைவிட ஆயுளை நீட்டித்தது. ஆயினும் கட்டி நன்கு சுருங்கியது பத்தில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் என்பதை அறிந்தே முடிவெடுங்கள்.

தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்தாக வேண்டும். கிருமி இருந்தால் அதற்கான மாத்திரையைத் தொடங்கி, மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பெவாசிசுமாப் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும் என்பதால், உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் உள்ளனவா என்று எண்டோஸ்கோப்பியில் பார்த்துவிட வேண்டும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ உறுப்பு மாற்று அறுவையோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தடை நீங்கிய அணுக்கள் மாற்று உறுப்பையே தாக்கக்கூடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், இம்மருந்துக்கு அது செல்லுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

நாட்டு மருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்க்காரர்களாகிய நமக்குச் சித்த மருத்துவத்தின் மீதுள்ள மதிப்பு நியாயமானது. ஆனால் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதாகக் கருதப்படும் சீந்தில் கொடியைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே கீழாநெல்லியானாலும் சீந்திலானாலும், எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லி, அவர் ஒப்பாதவரை நிறுத்தி வையுங்கள். உடல்வலிக்கு என்று, இன்ன மருந்தென்று தெரியாத ஊசியைப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிகிச்சையின் பயன் குறையலாம்.

மருந்து ஏறிய பின் வீட்டார் கவனிக்க வேண்டியவை முக்கியமானவை. விடுபட்ட அணுக்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். ஆகவே அடிக்கடி வயிற்றுப்போக்கு, புதிய மூச்சுத்திணறல், உடல் முழுதும் தடிப்பு, கண் மஞ்சளாதல், எழ முடியாத அசதி ஆகியவற்றில் எது வந்தாலும், உள்ளூர்க் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், அன்றே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். இரத்த வாந்தி, கறுத்த மலம் என்றால் உடனே கிளம்ப வேண்டும். அம்பாசமுத்திரம், களக்காடு போன்ற ஊர்களிலிருந்து இரவில் வர நேரலாம் என்பதால், யாரை அழைப்பது, எந்த வண்டியில் வருவது என்பதை முதல் மருந்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். சிகிச்சை நின்று மாதங்கள் கழித்தும் இந்த விளைவுகள் தோன்றலாம் என்பதால், பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் இம்மருந்து ஏற்றிக்கொண்டதைச் சொல்ல வேண்டும்.

நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது உறுதியானால், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் அதே வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசியும், இருப்பவர்கள் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.