தண்ணி போன வழியிலயே நடந்து போன் தூ கார் பாருங்க: ஒரு நாள் லூப் நடைக்கு பிளான்

தென் பிரான்ஸ் போறவங்க நிறைய பேர் போன் தூ கார்ங்கிற ரோமானியர் காலத்து பாலத்தை பாக்கிறது எப்படின்னா, பார்க்கிங்ல காரை விட்டு, பத்து நிமிஷம் நடந்து, பாலத்து முன்னாடி நாலு போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு கிளம்பிடுவாங்க. தப்புன்னு சொல்லல, ஆனா அது வெறும் பாலம் இல்ல, தண்ணி கொண்டு போன 50 கிலோமீட்டர் நீள வாய்க்கால்ல ஒரே ஒரு துண்டு, அந்த வாய்க்கால் வந்த திசையிலயே நீங்களும் நடந்து வந்து சேர்ந்தீங்கன்னா அந்த பாலம் ஏன் அங்க நிக்குதுங்கிறது காலுக்கே புரியும்.

நான் சொல்ற லூப் வேர்-போன்-தூ-கார்ங்கிற கிராமத்துல ஆரம்பிச்சு அங்கயே முடியுது. சுமார் 10 கிலோமீட்டர், நின்னு பாத்து போனா நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க. ஏத்தம் பெருசா இல்ல, ஆனா சுண்ணாம்புக்கல் பாதை, கல்லு கால்ல உருளும், அதனால செருப்பு வேணாம், பிடிமானமான ஷூ போடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணியோட கதைய தெரிஞ்சுக்கணும். உசேஸ் ஊர் பக்கத்துல ஒரு ஊற்று இருக்கு, அங்கருந்து நீம் நகரத்துக்கு முதலாம் நூற்றாண்டுல ரோமானியர்கள் தண்ணி கொண்டு போனாங்க. நேர் கோட்டுல பாத்தா சுமார் 20 கிலோமீட்டர்தான், நடுவுல குன்றுங்க இருக்கிறதால சுத்தி சுத்தி போய் 50 ஆயிடுச்சு. இந்த 50 கிலோமீட்டர்ல மொத்த இறக்கமே 13 மீட்டர் கூட கிடையாது! நம்ம ஊர்ல கொத்தனார் பாத்ரூம் தரைக்கு வாட்டம் பாப்பார்ல, சின்ன தரையிலயே சில சமயம் தண்ணி மூலையில தேங்கி நிக்கும், இவங்க கிலோமீட்டருக்கு சராசரியா ஒரு சாண் அளவு வாட்டத்துல ஒரு நகரத்துக்கே தண்ணி ஓட விட்டிருக்காங்க.

எப்ப போகலாம்னா ஏப்ரல், மே இல்லன்னா அக்டோபர். ஜூலை ஆகஸ்ட் வேணாம்னு நான் அழுத்தியே சொல்வேன், நிழல் கம்மி, காட்டுத்தீ அபாயம் அதிகமான நாள்ல காட்டுப்பாதைகள மூடிடுவாங்க, அதனால கோடையிலதான் போக முடியும்னா முந்தின நாள் சாயங்காலமே அந்த மாவட்ட நிர்வாகத்தோட அறிவிப்பை பாத்துடுங்க. இலையுதிர் காலத்துல வேற பிரச்சனை. மேல செவென் மலையில பேய்மழை பெஞ்சா இங்க வானம் தெளிவா இருக்கும்போதே பாலத்துக்கு கீழ ஓடற கார்தோன் ஆத்துல தண்ணி மட்டம் கிடுகிடுன்னு ஏறிடும். 2002 செப்டம்பர்ல வந்த வெள்ளத்துல சுத்துவட்டாரமே நாசமாச்சு, பாலம் மட்டும் அப்படியே நின்னுச்சு. மழை எச்சரிக்கை இருந்தா ஆத்தோரம் இறங்காதீங்க, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

பஸ்ல வரணும்னா நீம்லருந்தும் அவின்யோன்லருந்தும் வரலாம், ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி, திரும்பி போற கடைசி பஸ் டைமை முதல்லயே பாத்து வெச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடையை ஆரம்பிங்க. ஆஃப்லைன் மேப் போன்ல இறக்கிடுங்க. பாதை குறியீடு சுலபம்தான், மஞ்சள் கோடு உள்ளூர் பாதை, வெள்ளையும் சிவப்பும் நெடுந்தூர பாதை, கோடு ரெண்டு பெருக்கல் குறி மாதிரி போட்டிருந்தா அந்த வழி இல்ல. நான் முதல் தடவை போனப்ப பேச்சு சுவாரசியத்துல அந்த பெருக்கல் குறியை கவனிக்காம அரை மணி நேரம் முள்ளு புதர்ல நடந்தேன், குடிக்க ஒரு லிட்டர்தான் வெச்சிருந்தேன், அதுவும் தீந்து போச்சு. ஆளுக்கு ரெண்டு லிட்டர் எடுத்துக்கோங்க, ரொட்டி, சீஸ், பழம் எல்லாம் கிளம்பற முன்னாடியே வாங்கிடுங்க.

கிராமத்தை விட்டு வெளிய வந்து பாலம் இருக்கிற பக்கமா நடந்தா திராட்சை தோட்டம், ஆலிவ் மரம், அதுக்கு நடுவுல உடைஞ்ச வளைவுங்க வரிசையா வரும். போன் ரூன்னு சொல்றாங்க, உடைஞ்ச பாலம்னு அர்த்தம். இங்க அவசரப்படாதீங்க. பெரிய பாலத்துல கிட்ட போய் பாக்க முடியாததெல்லாம் இங்க கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. வாய்க்காலோட பக்கச்சுவர்ல மஞ்சளும் சாம்பலுமா தடிமனா ஒரு படிவம் தெரியும், கிட்ட போய் பாருங்க, மரத்துல வயசு ரேகை இருக்கிற மாதிரி மெல்லிசா அடுக்கு அடுக்கா இருக்கும். நம்ம வீட்ல போர் தண்ணி பக்கெட்ல வெள்ளையா உப்பு படியுதுல்ல, அதே சமாச்சாரம்தான், ஊற்றுத்தண்ணியில இருந்த சுண்ணாம்பு பல நூறு வருஷம் படிஞ்சு படிஞ்சு வாய்க்காலையே குறுகலாக்கிடுச்சு. தொட்டு பாக்கலாம், பேத்து எடுக்காதீங்க.

அப்புறம் புதர்க்காட்டு வழியா நடந்தா தைம், ரோஸ்மேரி வாசனை, வெயில் நாள்ல சில்வண்டு சத்தம் காதை அடைக்கும், அப்படியே மரங்களுக்கு நடுவுல திடீர்னு பாலம். 49 மீட்டர் உயரம், மூணு அடுக்கு, கீழ 6 வளைவு, நடுவுல 11, மேல 35. மேல் அடுக்குல வாய்க்காலுக்குள்ள போகணும்னா சீசன்ல கைடோடதான் விடுவாங்க, ஆசை இருந்தா முன்னாடியே விசாரிச்சு நேரத்தை ஒதுக்கி வெச்சுக்கோங்க. நீங்க ஆத்தை தாண்டறது ரோமானியர் கட்டினதுல இல்ல, 1743லருந்து 1747க்குள்ள ஹென்றி பித்தோங்கிற இன்ஜினியர் அதை ஒட்டி கட்டின ரோட்டுப்பாலம். அது நல்லதுக்குதான், ஏன்னா பழைய கல்லை ஒரு முழம் தூரத்துல பாக்கலாம். சுவர்லருந்து கல்லுங்க துருத்திக்கிட்டு நிக்கும், கட்டும்போது சாரத்தை தாங்கறதுக்கு விட்டது, அப்புறம் செதுக்காமயே விட்டுட்டாங்க. சில கல்லுல எழுத்தும் எண்ணும் வெட்டியிருக்கும், 'முன்பக்கம், இடது, ரெண்டாவது'ங்கிற மாதிரி, எந்த கல் எங்க போகணும்னு கொத்தனாருக்கு குறிச்சு வெச்சது.

பாலம் தாண்டினதும் வலது கரை. நிறைய பேர் இங்கயே திரும்பிடுவாங்க, நீங்க மேல ஏறி வியூ பாயிண்ட் போங்க, அங்கருந்து காட்டுக்குள்ள சார்த்தனெத்ங்கிற குட்டி பாலம் வரைக்கும். அதே வாய்க்கால் ஒரு சின்ன பள்ளத்தை தாண்டற இடம், கூட்டமே இருக்காது, எனக்கு இந்த லூப்லயே பிடிச்ச இடம் இதுதான்.

திரும்பி வந்து ஆத்தோரம் இறங்கி சாப்பாட்டை அங்க வெச்சுக்கோங்க. கூழாங்கல் கரை, வெயில் காலத்துல காலை நனைக்கலாம், பாறையிலருந்து குதிக்கற வேலை வேணாம். அங்க உக்காந்திருக்கும்போது ஒன்னு யோசிச்சு பாருங்க, உசேஸ் ஊற்றுல ரோமானியர் எடுக்காம விட்ட தண்ணி அல்ஸோன் ஓடையில சேந்து, அது கோலியாஸ் ஊர்ல கார்தோன்ல கலந்து, இப்ப உங்க கால் கிட்ட ஓடுது. எடுத்த தண்ணி 49 மீட்டர் மேல போச்சு, எடுக்காத தண்ணி கீழ போகுது.

திரும்பறதுக்கு பாலத்தை மறுபடி தாண்டினா, இடது கரையில ஆலிவ், திராட்சை, பழைய கல் சுவர்னு பராமரிக்கிற புதர்க்காட்டு பாதை ஒன்னு இருக்கு, 1.4 கிலோமீட்டர், அதை சுத்திட்டு வயல் பாதை பிடிச்சு வேர் கிராமத்துக்கு வந்துடலாம். இருட்டறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆத்தை விட்டு கிளம்புங்க, ஏதாவது அவசரம்னா 112.