சங்குவளை நாரையின் ஒளிப்படத்தை டிஜிட்டல் ஓவியமாக்குதல்

வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூட்டமாகக் கூடு கட்டும் சங்குவளை நாரை, ஒளிப்படத்திலிருந்து டிஜிட்டல் ஓவியம் தீட்டக் கற்றுக்கொள்பவருக்கு மிகவும் ஏற்ற பறவை. மஞ்சள் அலகு, இறகற்ற செம்மஞ்சள் முகம், வெண்ணிற உடல், மார்பின் குறுக்கே வெண்கோடுகள் ஊடாடும் கரும்பட்டை, முதுகின் பின்புறத்தில் ரோஜா நிற இறகுகள் என்று அதன் நிறங்கள் தனித்தனிப் பகுதிகளாக அமைந்திருப்பதால், எதைத் தக்கவைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைக் கண் எளிதில் பழகிக்கொள்ளும். ஒரே சொடுக்கில் படத்தை ஓவியமாகக் காட்டும் ஃபில்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை பறவையின் கண்ணையும் அதன் பின்னாலுள்ள காய்ந்த சுள்ளியையும் ஒரே அளவில் தேய்த்துவிடுகின்றன.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொறுமை தேவை. கண் துல்லியமாக விழுந்திருக்க வேண்டும்; வெள்ளை இறகுகள் வெளிச்சம் மிகுந்து விவரமின்றி வெளுத்துப்போயிருக்கக் கூடாது. உச்சி வெயிலில் எடுத்த படங்களில் இந்தக் குறை பெரும்பாலும் இருக்கும். காலைச் சாய்வொளியில் எடுத்தவற்றில் இறகுகளின் மேடுபள்ளம் நன்கு தெரியும். பிறர் எடுத்த படமானால் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்துக்கு, அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. அதன்மேல் வண்ணம் தீட்டிவிட்டதால் மட்டும் அந்த உரிமை உங்களுக்கு மாறிவிடாது. நீங்களே எடுப்பதானால், கூட்டிலுள்ள பறவை எழுந்து நிற்கும் அளவுக்கு நெருங்காதீர்கள். தாய் விலகிய கூட்டில் குஞ்சுகள் வெயிலில் வாடும்.

ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) தொடங்கினால், வெளிச்சப் பகுதிகளைச் சற்றுத் தாழ்த்தி, நிழல்களை ஓரளவு மட்டும் உயர்த்தி, நிற விவரங்கள் குறையாத 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஏ3 தாளில் அச்சிட விரும்பினால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஓவியப் பரப்பு 3508 x 4961 பிக்சல் இருக்க வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது. ஒளிப்படத்தை அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதற்கு மேல் பின்னணி, உடல், இறக்கை, தலை ஆகியவற்றுக்குத் தனித்தனி லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் அடுக்குகளை) அமையுங்கள்.

முதலில் பெரிய பிரஷ். பறவையை ஐந்தாறு நிறத் திட்டுகளாக மட்டும் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் வெள்ளையில் தவறுகிறார்கள்: உடல் வெண்மையென்று அறிந்திருப்பதால் தூய வெள்ளையைப் பூசிவிடுகிறார்கள். நிழல்பட்ட வெள்ளை நீலம் கலந்த சாம்பலாகவும், இலைகளுக்கு அருகில் லேசான பச்சையாகவும் இருக்கும். அந்தத் திட்டுகளை முதலில் இட்டுவிட்டு, தூய வெள்ளையை ஒளி நேரே படும் இரண்டு மூன்று இடங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இறகுகளை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோல் அவை வரிசை வரிசையாகப் படிந்திருக்கின்றன; அந்த வரிசைகளின் ஓட்டத்தைப் பிடித்துவிட்டால், தோள்பட்டையிலும் இறக்கையின் விளிம்பிலும் மட்டும் தனி இறகுகளைக் காட்டினால் போதும். பிரஷ் எப்போதும் இறகின் அடியிலிருந்து நுனி நோக்கியே செல்லட்டும். இறகு லேயரின்மேல் புதிய லேயரை வைத்து, இரண்டையும் ஒரே குழுவில் அடக்கி, புதியதில் இன்ஹெரிட் ஆல்ஃபாவை (கீழுள்ள லேயரில் வண்ணம் உள்ள இடத்தில் மட்டும் தெரியச் செய்யும் வசதி) இயக்கினால், நிழலும் மினுமினுப்பும் எல்லையைத் தாண்டாது. ரோஜா நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே அது வெளிறியிருக்கும். இளம் பறவைக்கு அந்த நிறமும் மார்புப் பட்டையும் இருப்பதில்லை. ஆகவே அழகுக்காக அதை மிகுத்தால் பறவையின் வயதும் பருவமும் பொய்யாகிவிடும். கால்களும் அப்படித்தான்: எச்சம் படிந்து அவை பெரும்பாலும் வெள்ளையாகத் தெரியும். அதைக் கறையென்று துடைத்துச் சிவப்பாக்குவதை நான் விரும்புவதில்லை.

கண்ணையும் அலகின் அடியையும் கடைசியில், சிறிய பிரஷ்ஷால், படத்தைப் பெரிதாக்கி வரையுங்கள். கண்ணிலுள்ள ஒளிப்புள்ளி, உடலில் விழும் ஒளியின் திசையோடு ஒத்திருக்க வேண்டும். பின்னணியிலுள்ள நீர்க்கடம்பு இலைகளை மங்கிய பச்சைத் திட்டுகளாக விட்டுவிடலாம்.

இடையிடையே கிரிட்டாவில் எம் (M) விசையை அழுத்தி ஓவியத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். வளைந்த அலகின் கோணத்தில் உள்ள பிழை உடனே தெரியும். கருப்புவெள்ளையாக மாற்றியும் பாருங்கள்: மார்புப் பட்டையும் உடலும் அப்போதும் பிரிந்து தெரியாவிட்டால், ஒளிநிழல் போதவில்லை. இணையத்துக்கு, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ணவெளியில் ஒரு பிரதி எடுத்து, லேயர்கள் கொண்ட மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்து, அச்சுக்கு அனுப்பும் முன் தலையும் ரோஜா இறகும் அடங்கிய சிறு பகுதியை அதே தாளில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் மென்மையாகத் தோன்றும் ரோஜா நிறம் தாளில் பெரும்பாலும் மங்கிவிடும்.