முத்தியால்பேட்டையில் ஒரு காலை: எங்கே தொடங்கி எப்படி நடப்பது

சென்னை ஜார்ஜ் டவுனை ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று கிளம்பினால், பதினோரு மணிக்குள் வெயிலும் தட்டுவண்டி நெரிசலும் ஆளைத் தள்ளிவிடும். பிராட்வேக்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை. முதல்முறைக்குக் கிழக்குப் பாதி போதும். சனிக்கிழமை தோது: நீதிமன்றக் கூட்டம் குறைவு, கடைகள் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டடம் நன்றாகத் தெரியும், தொழில் தெரியாது.

ஏழரைக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி, பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலைக்குப் போங்கள். அங்கே ஓர் எல்லைக்கல் உண்டு, சட்டென்று கண்ணில் படாது. 1773இல் நட்ட ஆறு கற்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் முற்றுகை போடும் படைக்கு அவையே மறைவிடம். பிரெஞ்சுக்காரரிடம் பட்ட அடிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைக்கு வெளியே இந்தியர் குடியிருந்த பழைய கருப்பர் நகரத்தை இடித்துத் திடலாக்கியது. கல்லுக்கும் கோட்டைக்கும் நடுவே கட்டடம் கூடாது என்றது. இன்றைய நீதிமன்ற வளாகத்தில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்போது போனதுதான். பிறகு பூக்கடைப் பக்கம் எழுந்தது பட்டணம் கோயில். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற தெருக்களின் கணக்கு புரியும்.

நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் எம்டன் கல்வெட்டு. 22.9.1914 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது சுட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு அன்று பிறந்தது.

அடுத்து தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள். நடை மதியம் சாத்திவிடும், அதனால் இதை முன்னால் வையுங்கள். கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்ற ஐந்தொழில் விஸ்வகர்மாக்களின் கோயில். 1677இல் சிவாஜி இங்கே கும்பிட்டார் என்பார்கள். அந்த ஆண்டு அவர் தெற்கே படையெடுத்தது வரலாறு. கோயிலுக்கு வந்தது கோயில் சொல்லும் செய்தி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

ஒன்பதரைக்கு மேல் அரண்மனைக்காரத் தெரு. பெயர் பார்த்து அரண்மனை தேட வேண்டாம், அது 'ஆர்மேனியன்' மருவியது. 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயத்தில் மணிக்கூண்டு தனியே நிற்கும், ஆறு மணிகள். காலடியில் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இதே ஊரில் அச்சிட்ட ஷ்மாவோனியனின் கல்லறையும் உண்டு. பிற்பகலிலேயே பூட்டிவிடுவார்கள்.

கால் தாங்கினால் பிராட்வே தாண்டிப் பூக்கடைப் பக்கம் ஆண்டர்சன் தெரு: காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். எழுத்தை விரலால் தடவுங்கள். மேடு தட்டினால் ஸ்க்ரீன் அச்சு, வழவழவென்றால் ஆஃப்செட். ஸ்க்ரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலை கட்டிய தனிச் சட்டம், அதனால் நிறம் கூடக் கூடக் காசும் கூடும். பத்திரிகை அடிக்கப் போகிறவர்கள் புரூஃபில் (மாதிரி அச்சில்) முகூர்த்த நேரத்தையும் இனிஷியலையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிய பிறகே சரி சொல்லுங்கள். எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது சேர்த்தே அடியுங்கள். பிறகு ஐம்பது மட்டும் வேண்டுமென்று போனால் சட்டம் கட்டும் கூலி மறுபடியும் முழுசாக விழும்.