ஸ்பேஸ் ட்ரஸ்: மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கைக்கணக்கு

ஸ்பேஸ் ட்ரஸ் என்றால் குழாய்களை முப்பரிமாண வலையாகக் கோத்த கூரைச் சட்டகம். 24 மீட்டருக்கு 24 மீட்டர் கூரை, 2 மீட்டர் சதுரக் கட்டங்கள், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, அவற்றை இணைக்கும் சாய்வு உறுப்புகள். எண்ணிப் பார்த்தால் 1,152 உறுப்புகள். பயப்பட வேண்டாம், இதை ஒரே தளமாக, ஒரு ஸ்லாபாக நினைத்துக்கொண்டால் பத்து நிமிட வேலைதான்.

முதலில் உயரம், அதாவது இரண்டு அடுக்குக்கும் இடையே உள்ள தூரம். நான்கு ஓரமும் தாங்கப்பட்டால் ஸ்பானில் (தாங்கல்களுக்கு இடையே உள்ள நீளத்தில்) 15 முதல் 20-ல் ஒரு பங்கு. இங்கே 24/16 = 1.5 மீட்டர். சுமை, சுயஎடையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் என்று வையுங்கள்.

அப்புறம் மொமென்ட், அதாவது சுமை கூரையை வளைக்கும் விளைவு. w என்பது சுமை, L என்பது ஸ்பான். சதுரத் தளம் என்பதால் சுமையில் பாதி ஒரு திசையில், மீதி மறு திசையில் போகும். அதனால் wL²/8-க்குப் பதில் wL²/16: 1.5 × 576 / 16 = மீட்டர் அகலத்துக்கு 54 கிலோநியூட்டன்-மீட்டர். கட்ட அகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்தால், 54 × 2 / 1.5 = 72 கிலோநியூட்டன். நடுவில் மேல் உறுப்புக்கு இது அமுக்கம், கீழ் உறுப்புக்கு இழுவிசை.

இனி குழாய். 1.5 மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 108 கிலோநியூட்டன். மேல் உறுப்பு நெளிந்துவிடும் ஆபத்து உண்டு. 250 தர எஃகின் முழு வலிமையை (சதுர மி.மீ-க்கு 250 நியூட்டன்) நம்பாமல் 150 மட்டும் எடுங்கள். தேவை 720 சதுர மி.மீ. 76.1 மி.மீ வெளிவிட்டம், 3.2 மி.மீ தடிமன் குழாய் 733 தரும். மெலிவு விகிதம் (நீளத்துக்கு எதிராகக் குழாய் எவ்வளவு மெலிந்தது என்பதன் அளவு) 80-க்குள் நிற்கிறது, சரி.

ஓரத்தில் வெட்டு விசையை மீட்டருக்கு wL/3, அதாவது 12 கிலோநியூட்டன் என்று எடுக்கலாம். ஒரு கட்டத்துக்கு 24. இரண்டு சாய்வு உறுப்புகள் பகிர்ந்துகொள்ளும். சாய்வின் நீளம் 2.06 மீட்டர், ஆகவே 12 × 2.06 / 1.5 = 16.5 கிலோநியூட்டன். சின்னக் குழாயே போதும்.

இதெல்லாம் ஓரம் முழுக்கத் தாங்கல் இருந்தால்தான். மூலைக்கு ஒன்றாக நான்கே தூண்கள் என்றால் கதை வேறு. சுமை பாதி பாதியாகப் பிரியாது. தூணை எட்ட அது இரு திசையிலும் முழுதாகப் பயணிக்க வேண்டும். சராசரி மொமென்டே wL²/8, இரட்டிப்பு. தூண்களை இணைக்கும் ஓரப் பட்டையில் அதைவிட அதிகம். ஒவ்வொரு தூணுக்கும் 216 கிலோநியூட்டன் வரும். அதைத் தூண்மேல் கூடும் நான்கு சாய்வுகள் சமமாகப் பகிர்ந்தாலும் ஒன்றுக்கு 74, முன்பு வந்ததைப் போல நாலரை மடங்கு. ஒவ்வொரு தூண்மேலும் உள்ள அந்த நான்கு சாய்வுகளையும், இரட்டிப்பு மொமென்ட் தாங்கும் மேல், கீழ் உறுப்புகளையும் பெரிய குழாயாக வரைந்துவிட்டு மென்பொருளுக்குப் போங்கள்.