மாகாணத்தின் பழைய சாசனத்தை மீட்டெடுப்பது எப்படி?

மைக்ரோநேஷன்களில், அதாவது தனிநபர்கள் தாங்களே நாடு என்று அறிவித்து நடத்தும், உலக நாடுகள் ஏற்காத குட்டி நாடுகளில், மத்தியச் சட்டத்துக்கு எப்படியும் பத்துப் பிரதி இருக்கும். காணாமல் போவது மாகாணச் சாசனம்தான். டலோசா என்ற மைக்ரோநேஷனையே பாருங்கள்: 1979இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தாளில் தொடங்கியது, 1990களின் நடுவில் இணையத்துக்கு வந்தது, 2004இல் ஒரு பிரிவினர் தனிக் குடியரசாகப் போய் 2012இல் திரும்பச் சேர்ந்தார்கள். இப்படி ஒரு வரலாறு இருந்தால் ஆவணங்கள் குறைந்தது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும்.

முதலில் மாகாணத்தின் பழைய பெயர்கள், எழுத்துவேறுபாடுகள், பழைய இணைய முகவரிகள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். இலவச இணையதளங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இலும், மின்னஞ்சல் குழுக்களை நடத்திய யாஹூ குரூப்ஸ் 2020இலும் மூடப்பட்டன. அங்கே இருந்தவற்றை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில்தான் (web.archive.org) தேட வேண்டும். அதில் சொல்லைப் போட்டுத் தேடிப் பயனில்லை, முகவரி வேண்டும். முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டால் அந்தத் தளத்தில் சேமிக்கப்பட்ட ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வரும். 1990களின் தளங்கள் பல ஃப்ரேம் வைத்து, அதாவது ஒரு பக்கத்துக்குள் வேறு ஃபைல்களைக் காட்டும்படி, கட்டியவை. முகப்பு வெறுமையாகத் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் உள்ளே இருக்கும் உண்மையான ஃபைல் பெயர் கிடைக்கும். சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்க நேரக்குறி ஒன்று இருக்கும். அதை ஒட்டியே சிறிய எழுத்தில் ஐ, டி, பிறகு ஒரு அடிக்கோடு (id_) சேர்த்தால் வேபேக்கின் பட்டை இல்லாமல் அசல் வரும்.

தேதியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சேமித்த நாள் சட்டம் நிறைவேறிய நாள் ஆகாது; அந்த நாளில் அந்த வாசகம் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பக்கத்தின் அடியில் உள்ள ‘கடைசியாகப் புதுப்பித்தது’ வரியையும் நம்பாதீர்கள், ஸ்கிரிப்ட் இன்றைய தேதியையே அங்கே எழுதியிருக்கலாம். 03/04/2005 என்றிருந்தால் எது நாள், எது மாதம்? அதே ஆள் எழுதிய வேறு தாளில் 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பழைய குடிமக்களின் பெட்டியில் 3.5 அங்குல ஃப்ளாப்பி கிடைத்தால், மூலையில் உள்ள சிறு கட்டையை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள், எழுதுவது தடைபடும். ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். டிடிரெஸ்க்யூ (பழுதான வட்டிலிருந்தும் படியெடுக்கும் மென்பொருள்) கொண்டு வட்டை முழுதாகப் படியெடுத்து, அந்தப் படியில்தான் வேலை செய்ய வேண்டும். வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற பழைய எழுத்து மென்பொருளின் ஃபைல்கள் பெரும்பாலும் லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கும். தாள்களில் முதல் கவனம் ஃபேக்ஸ் வெப்பத்தாளுக்கு, அது மங்கிக்கொண்டே போகும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய ஜெராக்ஸைப் பிய்த்தால் எழுத்து உறையோடு போய்விடும். உறை மேலேயே படமெடுங்கள். மற்றவற்றை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம்.

இனிதான் உண்மையான வேலை. ‘திருத்தங்கள் சேர்த்த முழு வாசகம்’ என்று கிடைப்பதை அப்படியே ஏற்கக் கூடாது. கிடைத்ததிலேயே பழைய சாசனத்தை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் தேதிவரிசையில் நீங்களே ஏற்றிப் பாருங்கள். ‘பிரிவு 4இல் மூன்று என்பதை ஐந்து எனப் படிக்க’ என்று ஒரு திருத்தம் இருக்கும். இடையில் யாரோ புதுப் பிரிவு ஒன்றைச் சொருகியதால் அந்தப் பழைய 4 இப்போது 5 ஆகியிருக்கும். எழுத்தர் எண்ணை மட்டும் பார்த்து ஆளுநரின் பதவிக்காலத்துக்குப் பதில் கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை (கோரம்) மாற்றிவைத்திருப்பார், அதை வைத்தே பல தேர்தல்கள் நடந்தும் இருக்கலாம். ஆகவே திருத்தத்தின் எண்ணோடு அதற்கான விவாதத்தையும் தேடிப் படியுங்கள்.

ரத்துப் பிரிவையும் தேடுங்கள். பின்வந்த சாசனமோ மாகாண இணைப்புச் சட்டமோ பழையதை ரத்து செய்ததா என்று தெரியும் வரை ‘இதுவே நடப்புச் சட்டம்’ என்று அறிவிக்காதீர்கள். சட்டசபையில் வைக்கும்போது அசல் ஃபைல், அதன் எஸ்ஹெச்ஏ-256 எண் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற குறி), தட்டச்சுப் படி மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். படிக்க முடியாத இடத்தில் சதுர அடைப்புக்குறி போதும், ஊகித்து நிரப்ப வேண்டாம். பழைய குடிமக்கள் பட்டியலில் வீட்டு முகவரிகள் இருந்தால் பொதுப்பிரதியில் மறைத்துவிடுங்கள்.