தோள்மூட்டு மாற்றிய பிறகு மறுபடி துவக்கு எடுப்பது எப்படி

தோள்மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது குளிக்கலாம், எப்போது வாகனம் ஓட்டலாம் என்றெல்லாம் கேட்பார்கள். ரேஞ்சுக்கு, அதாவது துவக்குச் சுடப் பழகும் இடத்துக்குப் போய்ப் பழகிய எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கும்: மறுபடி எப்போது சுடலாம்? ஆனால் வைத்தியர் என்ன நினைப்பாரோ என்று பலர் அதைக் கேட்காமலே வந்துவிடுகிறோம். எனக்கு வலது தோள் மாற்றியிருக்கிறது, நான் சுடுவதும் வலது தோளில்தான். என்னைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் சொல்வது இதிலிருந்து மாறினால் அவர்கள் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், கண்ணாடி முன் நின்று தழும்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது காறை எலும்புக்குக் கீழே தொடங்கி மேற்கையின் முன்பக்கமாகச் சரிந்து இறங்கும். ரைபிளின் பிடங்கு, அதாவது தோளில் வைக்கும் பின்முனை, வந்து உட்காரும் பள்ளமும் அதே இடம்தான். ஆகவே தோள் கடைசியாகத்தான் வேலைக்கு வர வேண்டும். கண், மூச்சு, விரல் இந்த மூன்றும் அதற்கு வெகு முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

படி 1: எந்த வகை என்று கேளுங்கள்

மாற்று மூட்டில் இரண்டு வகை இருக்கிறது. சாதாரண வகையில் உருண்டை இருந்த இடத்தில் உருண்டையும் குழி இருந்த இடத்தில் குழியும் வரும். ரிவர்ஸ் வகையில் இடம் மாறும், உருண்டை தோள்பட்டை எலும்புக்கும் கிண்ணம் மேற்கை எலும்புக்கும் போய்விடும். இதை 1980களில் பிரான்சில் போல் கிரமோன் என்ற வைத்தியர் உருவாக்கினார். கையைத் தூக்கும் உள் தசைநாண்கள் கிழிந்து பயனில்லாமல் போனவர்களுக்கு, தோளின் வெளியே தெரியும் டெல்டாய்ட் தசையே அந்த வேலையைச் செய்யட்டும் என்பது அவர் யோசனை.

சாதாரண வகையில் பெரும்பாலும் முன்பக்கத் தசைநாண் ஒன்றை விலக்கித்தான் உள்ளே போவார்கள், முடிவில் திரும்பத் தைத்துவிடுவார்கள். அந்தத் தையல் பிடிக்கும் வரை கையை வெளிப்பக்கம் திருப்பி இழுக்கக் கூடாது, எதையும் பலமாக உள்ளே இழுக்கவும் கூடாது. ரிவர்ஸ் வகையில் பயப்பட வேண்டியது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதற்கு. மூட்டு நழுவக்கூடிய நிலை அதுதான். சேர்ட்டைப் பின்பக்கம் செருகுவது, கதிரையின் கைப்பிடியைப் பின்னோக்கி அழுத்தி எழுவது, இதெல்லாம் முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கேட்கப் போகும்போது கைபேசியில் ஒரு படம் கொண்டுபோங்கள், நீங்கள் துவக்கைப் பிடித்து நிற்கும் பழைய படம் இருந்தால் போதும். சுடும் நிலையை வைத்தியர் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. பிடங்கு எங்கே படுகிறது, எந்தக் கை எடையைத் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டினால் அவரும் தெளிவாகப் பதில் சொல்வார். இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள்: எத்தனை கிலோ வரை தூக்கலாம்? உதைக்கிற துவக்கு எனக்கு என்றைக்காவது ஆகுமா?

படி 2: ஸ்லிங் போட்டிருக்கும் வாரங்கள்

ஸ்லிங் என்பது கழுத்திலிருந்து கையைத் தாங்கும் பட்டி, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டிருக்க வேண்டும். கொழும்பில் இந்தக் காலத்தின் பெரிய ஆபத்து ரேஞ்சில் இல்லை, ஓட்டோவில்தான் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் கை தன்பாட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்கப் பார்க்கும். ஆகவே நல்ல கையால் பிடிக்கக்கூடிய பக்கமாக ஏறுங்கள், சாரதியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நெரிசல் நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே அனுமதிப்பார்கள். அனுமதி கிடைத்ததும் ஸ்லிங்குக்குள் இருக்கும் கையில் ஒரு தடித்த மார்க்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று விரல்களும் இறுகாமல், சுட்டுவிரலின் முதல் கணு மட்டும் நேராகப் பின்னுக்கு வர வேண்டும். பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் கவனித்துப் பாருங்கள், சுட்டுவிரல் மடங்கும்போது சின்ன விரலும் சேர்ந்து இறுகும். சுடும்போது குறி விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். சரியாக வரும்வரை மெதுவாகச் செய்யுங்கள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஒரு அசைவு, அப்புறம் ஓய்வு.

படி 3: பக்கம் மாற்றலாமா?

மற்றத் தோளில் வைத்துச் சுடலாமா என்று எல்லாரும் யோசிப்பார்கள். கரோலி தகாச் என்ற ஹங்கேரிய வீரரின் வலது கை 1938இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடது கையால் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் முதலில் உங்கள் ஆதிக்கக் கண் எது, அதாவது குறி பார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். வழக்கமாக இரண்டு கைகளையும் நீட்டி முக்கோணம் செய்வார்கள், ஸ்லிங்கில் அது முடியாது. ஒரு மட்டையின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, நல்ல கையால் நீட்டிப் பிடித்து, இரண்டு கண்ணும் திறந்தபடி அதற்குள்ளால் தூரத்தில் ஒன்றைப் பாருங்கள். மொட்டைமாடியிலிருந்து தாமரைக் கோபுரத்தின் உச்சி தெரிந்தால் நல்ல குறி. ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கோபுரம் காணாமல் போகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். அது புதிய பக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ரைபிளில் மற்றக் கண்ணை மறைத்துப் பழக வேண்டிவரும். பொறுமை இருந்தால் செய்யலாம், எனக்கு அவசியப்படவில்லை.

படி 4: ரேஞ்சில் முதல் நாள்

பலப்படுத்தும் பயிற்சிகளைப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குவார்கள். ரேஞ்சுக்குப் போவதும் அதற்குப் பிறகு, வைத்தியர் சம்மதித்த பிறகு. வலி நிவாரணத்துக்கு ட்ரமடோல் போன்ற மயக்கம் தரும் மாத்திரை எடுக்கும் நாட்களில் துவக்குப் பக்கமே போகாதீர்கள்.

காற்றழுத்தத்தால் சுடும் எயார் ரைபிளில் தொடங்குங்கள், அதுவும் மேசையில் தாங்கு வைத்து, உட்கார்ந்தபடி. 12 போர் என்ற பெரிய வேட்டைத் துவக்கைப் பிடித்தவர்கள் சிலர் எயார் ரைபிளைக் குழந்தைப் பிள்ளைகளின் சாமானாக நினைப்பார்கள். தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சுட்டது இந்த 10 மீற்றர் எயார் ரைபிளில்தான், அதில் பத்துப் புள்ளிக்கான குறி அரை மில்லிமீற்றர் பொட்டு. எங்களுக்கு இதில் இருக்கும் நன்மை, 4.5 மில்லிமீற்றர் பெலட், அதாவது அதன் சின்ன ஈயக் குண்டு, போகும்போது தோளுக்கு உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காற்றை முன்பே அடைத்து வைக்கும் வகைதான் வேண்டும். குழலை மடித்து ஸ்பிரிங் ஏற்றும் வகையில் சுடுவதை விட ஏற்றுவதுதான் தோளைக் கெடுக்கும்.

சுடும் ஜாக்கெட் போடுவதாக இருந்தால் சத்திரசிகிச்சை செய்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். அப்படிச் செய்தால் கையைப் பின்னுக்கு வளைக்க வேண்டியே வராது. எங்கள் புழுக்கத்தில் தடித்த துணிக்குள் தழும்பு வியர்த்து அரிக்கும், உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்று நல்லது.

துவக்கை மேசைக்குக் கொண்டுவந்து வைக்க வேறொருவரின் உதவி கேளுங்கள். 5.5 கிலோ வரை எடை இருக்கலாம், நீட்டிய கையில் அது இன்னும் கனக்கும். பெலட் போடாமல் பிடங்கைத் தோளில் வைத்துப் பாருங்கள். முழங்கை உடம்பை விட்டு வெளியே விரிந்து நிற்கிறதா? கீழே விடுங்கள். கன்னம் துவக்கின் கட்டைக்கு வர வேண்டும், கட்டையைத் தேடித் தோள் மேலே போகக் கூடாது. பிடங்கின் மேல்நுனி தழும்பில் குத்தினால் அதன் உயரத்தைச் சரிசெய்யுங்கள். இதில் நேரம் போனாலும் பரவாயில்லை, முதல் நாளில் முக்கியமான வேலை இதுதான். அப்புறம் கொஞ்சம் பெலட் சுட்டு, கை களைக்கும் முன்பே நிறுத்துங்கள். போட்டியின் 60 சூடுகளைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பெலட்டில் ஈயம் இருக்கிறது, சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பிஸ்டல் சின்னது, ஆகவே சுலபம் என்று தோன்றும். அப்படியில்லை. ஒரு கிலோவை நீட்டிய கையின் நுனியில் தாங்குவது முழுக்கத் தோளின் வேலை, ரிவர்ஸ் மூட்டுக்காரருக்கு எல்லாப் பாரமும் டெல்டாய்டில் விழும். அதை ரைபிளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூட்டுவதும் குறைப்பதும்

சுட்ட அன்றைய இரவு இலேசாக உளைவது சகஜம். அடுத்த நாள் காலையிலும் வலி நின்றால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். வலி இல்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள், சூடுகளைக் கூட்டும் வாரத்தில் தாங்கை எடுத்துவிட வேண்டாம். நின்று சுடுவது கடைசியில். பிறகு வைத்தியர் ஒத்துக்கொண்டால் பொயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா ரைபிள், அதன் உதையும் மிகக் குறைவு.

12 போர் வேறு விஷயம். அதன் உதை முழுவதும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, மேற்கை எலும்புக்குள் இறுக்கிய மாற்று மூட்டின் தண்டு வரை போகும். வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் பேரம் பேசாதீர்கள். ஆம் என்றால் உதையைக் கொஞ்சம் குறைக்கும் காஸ் முறையில் இயங்கும் துவக்கு, இலேசான தோட்டா, தடித்த ரப்பர் பிடங்கு உறை, இந்த மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

சொந்தத் துவக்கு உள்ளவர்களுக்கு ஒன்று: அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். சத்திரசிகிச்சைத் திகதி அதோடு மோதினால் கடதாசி வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

தழும்பில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோளின் வடிவம் திடீரென்று மாறித் தெரிந்தாலோ, தோளின் மேல்நுனி எலும்பில் தொட்டாலே புதிதாக வலித்தாலோ துவக்கை வைத்துவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்.