லெகோ ஈட்டிச் சண்டைப் பொம்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரையில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் இடைக்கால வீரர்களை லெகோவில் செய்துபார்க்கப் பலருக்கும் ஆசை. அலமாரியில் வைக்க அழகாகத்தான் வருகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து விளையாடும்போதுதான் குறை தெரியும்: ஈட்டி பட்டும் வீரர் விழமாட்டார், இல்லாவிட்டால் படாமலே விழுவார். கொடி, கூடாரம், வண்ணம் பற்றி இங்கே பேச்சில்லை. ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகள் மட்டும்.

வீரரைக் குமிழில் அழுத்திப் பொருத்துவது

புது மாதிரிகளில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. ஒவ்வொரு முறையும் பார்க்க எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் செய்த வேலை முழுவதையும் இது வீணாக்கிவிடும்.

லெகோ கட்டையின் மேல் இருக்கும் வட்டப் புடைப்புதான் குமிழ். கட்டைகள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் குமிழ்ப் பிடிப்பே இருக்கிறது. சேணத்தில் அழுத்தி உட்காரவைத்த வீரரை ஈட்டி தாக்கினால், தாக்கியவரின் மணிக்கட்டுதான் முதலில் சுழலும். ஈட்டி திரும்பிக்கொள்ளும், எதிராளி அப்படியே உட்கார்ந்திருப்பார். பாதி அழுத்தி வைப்பதும் உதவாது. அந்தப் பாதி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். கழற்றி மாட்ட மாட்டப் பிடிப்பும் தளரும். ஒரு பக்கத்து வீரர் மட்டும் எளிதில் விழத் தொடங்கினால் அது போட்டியே இல்லை.

இருக்கையைக் கீலில் வையுங்கள். லெகோவின் இயந்திர வகையான டெக்னிக்கில் வரும் துளையுள்ள 1×2 (குமிழ்க் கணக்கில்) கட்டை, அதில் உராய்வில்லாத வெளிர்சாம்பல் பின் (துளையில் செருகும் சிறு முளை). கறுப்புப் பின் இங்கே ஆகாது, அதன் மேல் இருக்கும் வரிமேடுகள் இறுக்கிப் பிடிக்கும். முன்னால் ஒரு தடை, பின்னால் குதிரையின் முதுகிலேயே ஒரு தடை. வீரரின் எடைமையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் அவர் முன்தடையில் சாய்ந்து நிற்பார். அடி விழுந்ததும் அச்சைத் தாண்டிப் பின்னால் சரிவார்.

அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குமிழ் நகர்த்தினால் 8 மி.மீ., அது பெரும்பாலும் அதிகம். நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள ஜம்பர் பிளேட்டைப் (பிளேட் என்பது மெல்லிய கட்டை) போட்டால் 4 மி.மீ. மட்டும் நகர்த்தலாம். பிறகு ஈட்டி இல்லாமல் குதிரையைச் சட்டென்று தள்ளிப் பாருங்கள். புறப்படும் உதறலும் வீரரைப் பின்னால்தான் சாய்க்கும். அதற்கே விழுந்தால் இன்னொரு 4 மி.மீ. முன்னால் தள்ளுங்கள்.

கீலுக்கு ஒரு கட்டை (9.6 மி.மீ.), இரண்டு பிளேட் (6.4 மி.மீ.), ஆக 16 மி.மீ. உயரம் போய்விடும். ஈட்டியின் உயரம், இரு குதிரைகளின் பாதையையும் பிரிக்கும் நடுத்தடுப்பின் உயரம் எல்லாம் அதையொட்டி மாறும். அதனால் இருக்கையை முதலில் செய்யுங்கள், குதிரையைப் பிறகு.

ஈட்டியை நேர் முன்னே நீட்டுவது

15ஆம் நூற்றாண்டில் நடுத்தடுப்பு வந்தபின், வீரர்கள் ஒருவருக்கொருவர் இடப்பக்கம் தெரியக் கடந்தார்கள். வலக்கை ஈட்டி குதிரையின் கழுத்துக்கு மேலாக இடப்புறம் சாய்ந்திருக்கும். பொம்மையிலும் அந்தச் சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் ஈட்டிகள் இணையாகவே கடந்து போகும். ஈட்டியைக் கையில் கொடுக்காமல், குதிரையை ஏற்றியிருக்கும் வண்டியோடு சேர்ந்த பிடியில் மாட்டுங்கள். முனையில் 1×1 வட்டப் பிளேட், கேடயத்துக்கு 2×2 டைல், அதாவது மேலே குமிழில்லாத தட்டையான துண்டு. வளைந்த கேடயத்தில் முனை வழுக்கும். விளையாட்டுப் போட்டிகளில் அன்றும் பல முனைகளாகப் பிரிந்த மழுங்கிய ஈட்டிமுனைதான் பயன்பட்டது.

குட்டையான வண்டி

அகலத்தைவிட நீளம் குறைந்த வண்டி, கோணலான இழுப்பறை மாதிரி சிக்கிக்கொள்ளும். அகலம் 4 குமிழ் என்றால் நீளம் 8 வையுங்கள். கைப்பிடி நடுக்கோட்டில் இருக்கட்டும். வண்டி ஓடும் தடத்தின் தரைக்கு டைல்.

சிறிய பல்சக்கரம்

வண்டியைத் தள்ளாமல் சக்கரம் சுற்றி ஓட்டுவதானால், பல்சட்டத்தில் (நேர்வரிசைப் பற்கள் உள்ள சட்டம்) 8 பல் சக்கரம் ஒரு சுற்றுக்கு 25 மி.மீ. நகர்த்தும். 32 குமிழ்த் தடத்தைக் கடக்கப் பத்துச் சுற்றுக்கு மேல் ஆகும். 40 பல் சக்கரத்துக்கு இரண்டே சுற்று.

ரப்பர் பேண்ட்

வண்டியை ரப்பர் பேண்டால் ஏவ வேண்டாம். புறப்படும் உதறலிலேயே வீரர் விழுந்துவிடுவார்.

ஆட்டக்காரருக்கு வேலை வைக்காதது

தள்ளுவது மட்டுமே வேலை என்றால் சீக்கிரம் சலித்துவிடும். ஈட்டியை உயர்த்தித் தாழ்த்த ஒரு நெம்புகோல் கொடுங்கள். தலைக்கவசமா கேடயமா என்று அவர் குறிவைக்கட்டும். 'கிளிக்' கீல் ஒரு படிக்கு 22.5 பாகை திரும்பும். 80 மி.மீ. ஈட்டியில் முனை 30 மி.மீ.க்கு மேல் தாவும், 16 மி.மீ. கேடயத்தைக் குறிவைக்க அது உதவாது. இருக்கையில் வேண்டாம் என்று ஒதுக்கிய கறுப்புப் பின்னை இங்கே போடுங்கள். எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.